சார்ஜ் ஏறும் நாலு மணித்தியாலம்

உட்துறைமுக வீதி, திருகோணமலை
12.08.2025, செவ்வாய்

பாக்கியம்,

மேலே ‘அன்புள்ள மச்சான்’ என்று எழுதிவிட்டு வெட்டியிருக்கிறேன். வெட்டியது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

கடிதம் எழுதுகிற ஆளில்லை நான். ஸ்பானர் பிடிக்கிற கை இது. இன்று காலை ஆஸ்பத்திரியில் மெஷின் பூட்டின கையோடு உன் மனுசி என்னைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் போன்ல கத்தினது காணும். அவர் உங்கட நம்பரை மறிச்சு வச்சிருக்கிறார், நீங்கள் அவற்ற நம்பரை மறிச்சு வச்சிருக்கிறியள். சொல்ல இருக்கிறதை எழுதித் தாங்கோ, நான் கொண்டு போறன்” என்றாள். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. செவ்வாயும் வெள்ளியும் நாலு மணித்தியாலம், இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்து உள்ளே விடுகிற மெஷினோடு கிடக்கிறவள். அவள் கேட்டு நான் ஏலாது என்பேனா? ஆகவே இனி மலர்தான் நமக்குத் தபால்காரி. ஓய்வுபெற்ற தபாலதிபர் உனக்கு இது பிடிக்கும்.

விசயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளைக் கார் நான் மூன்று மாசம் கராஜில் வைத்து, எஞ்சினை அக்கக்காகக் கழற்றி, என் கையால் பூட்டித் தந்த கார். பத்து வருசத்தில் ஒரு நாள் நடுவழியில் நின்றதா? நின்றது என்று சொல், பார்ப்போம். அதை எனக்கு ஒரு சொல் சொல்லாமல் கிண்ணியாவில் யாருக்கோ விற்றுவிட்டு, என் மகள் டிலக்ஷி கம்பஸ் போகிற சந்தோசத்துக்கு நான் வைத்த சாப்பாட்டுக்கு ஒரு எலக்ட்ரிக் காரில் வந்து இறங்கினாய். வந்தது யாருக்குத் தெரியும்? மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் மீன்குழம்புச் சட்டியோடு திரும்புகிறேன், முதுகுக்குப் பின்னால் கார். சட்டி போச்சு.

சட்டி போகட்டும். ஏன் விற்றாய் என்று கேட்டதற்கு வந்த சனம் முழுக்கக் கேட்க நீ சொன்னாய்: “உன்ர பெற்றோலை நம்பித்தானே என்ர மனுசி சாகக் கிடந்தவள்.” அந்தச் சொல்லை நீ திரும்ப எடுக்கும்வரை திரியாயில் உன் வீட்டுப் பக்கம் என் கால் வராது.

இன்னொன்று. உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர். வழியில் அந்தக் கார் நின்றால் யார் திருத்துவது? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் அதைத் திறந்து பார்க்கிற ஆளும் இல்லை, கொழும்புக்குத்தான் ஏற்ற வேண்டும். அவளுக்கு இரண்டு தரம் தவறினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தங்கச்சியின் உயிரை அதற்குள் வைத்து ஓடுகிறாய், மறக்காதே.

இக்னேசியஸ்


திரியாய்
14.08.2025, வியாழன், பிற்பகல் 3.20

அன்புள்ள மச்சான் இக்னேசியஸுக்கு,

(வெட்டவில்லை.)

உன் கடிதம் செவ்வாய் மாலை 4.10க்குக் கையில் கிடைத்தது. உறை ஒட்டியிருக்கவில்லை. தான் வாசிக்கவில்லை என்று மலர் சொல்கிறாள், நம்புவோம். அடுத்த தரம் ஒட்டு.

வெள்ளைக் கார் நடுவழியில் நின்றதா என்று கேட்டாய். நிற்கவில்லை. 2022 ஆடி மாதம் அது நடுவழிக்கு வரவே இல்லை. டாங்கியில் ஒரு சொட்டு இல்லாமல் என் வீட்டுக் கொட்டிலுக்குள் நின்றது. நாடு முழுக்கத் தட்டுப்பாடு, இங்கே ஷெட்டில் பெற்றோல் வந்து ஒரு மாசம். நீ டவுனில் வரிசையில் நின்று கானில் கொண்டுவருவதாகச் சொன்னாய். உங்கள் ஊர் எண்ணெய்க் குதங்கள் நிறைந்த ஊர். அந்த ஊரில் மூன்று நாள் நின்றுவிட்டு, நாலாம் நாள் பஸ்ஸில் வெறுங் கானோடு வந்து இறங்கினாய். “எனக்கு முன்னால மூண்டே மூண்டு வாகனம் நிக்கேக்க முடிஞ்சு போச்சு மச்சான்” என்றாய்.

மலருக்கு அடுத்தடுத்து இரண்டு தரம் தவறியது. காலும் முகமும் வீங்கி, படுக்க ஏலாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சு எடுத்தாள். நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். கடைசியில் புல்மோட்டையிலிருந்து வந்த ஐஸ் லொறியை மறித்துத்தான் ஏற்றினேன். அந்தச் சத்தத்தை நீ கேட்கவில்லை, நான் கேட்டேன். இனி வரிசைக்குப் போகிற வாகனத்தை நம்பி இவளை வைத்திருக்க மாட்டேன் என்று அன்றே முடிவெடுத்தேன். தேடித் தேடி இந்த வருசம்தான் பழைய எலக்ட்ரிக் கார் ஒன்று கிடைத்தது. வீட்டுச் சுவரில் பிளக்கைச் செருகிவிட்டுப் படுத்தால் விடிய ஓடும். யாரிடமும் கான் தூக்க வேண்டியதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. மெஷினால் இறங்கி வீடு திரும்பும்போது அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். வெள்ளைக் காரில் பெற்றோல் மணம் பட்டவுடன் சத்தி எடுப்பாள். சாம்பல்தீவு தாண்ட முதல் ஒன்று, கும்புறுபிட்டியில் ஒன்று. ஷொப்பிங் பை இல்லாமல் நாங்கள் வெளிக்கிட்டதே இல்லை. இந்தக் காரில் இன்றுவரை ஒரு தரமும் எடுக்கவில்லை. நிலாவெளி வரும்முன் நித்திரையாகிவிடுகிறாள். வீட்டு முற்றத்தில் நிறுத்திய பிறகும் எழுப்ப மனம் வராமல் நான் பக்கத்தில் இருப்பேன்.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க மாட்டேன். ஆனால் சனத்துக்கு முன்னால் சொன்னது பிழை. சட்டிக்கும் வருந்துகிறேன்.

பாக்கியரத்தினம்


உட்துறைமுக வீதி
02.09.2025, செவ்வாய்

மச்சான்,

‘அன்புள்ள’ இன்னும் வரவில்லை, மச்சான் மட்டும் வந்திருக்கிறது. அதோடு திருப்திப்படு.

சத்தி விசயத்தை அவளிடம் கேட்டேன். “ஓம் அண்ணை, அந்த மணம் இல்லாதபடியால வயித்தைப் பிரட்டுறேல்ல. உதறலும் இல்ல, தொட்டில்ல கிடக்கிற மாதிரி இருக்கு” என்றாள். பத்து வருசமாக அந்த எஞ்சினைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்தவன் நான். பின்சீட்டில் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லவும் இல்லை. சரி, இதில் நீ வென்றாய்.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து கலீலுர் றஹ்மான் என்று ஒருவர் எஞ்சின் ஒயில் மாற்ற வந்தார். பார்த்தால் நம் வெள்ளைக் கார்! நல்ல மனுசன், கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். “இந்த எஞ்சினை ஆர் பூட்டினது? நல்ல வேலை” என்று கேட்டார். நான் மூடின பொனற்றை இன்னொரு தரம் திறந்து பார்த்தேன்.

இப்போது என் கேள்விக்கு வா. முந்தி செவ்வாயும் வெள்ளியும் நாலு மணித்தியாலமும் மலரின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் நீதான் இருப்பாய். பேப்பர் வாசித்துக் காட்டுவாய், மரண அறிவித்தல் உட்பட. நான் பத்து நிமிசம் எட்டிப் பார்த்துவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவேன். இப்போது ஒரு மாசமாகப் பார்க்கிறேன், கதிரை வெறுமையாக இருக்கிறது. மலரை இறக்கிவிட்டு நீ காணாமல் போகிறாய். எங்கே என்று கேட்டால், “அவர் காருக்குச் சார்ஜ் ஏத்தப் போட்டார்” என்கிறாள். பற்றரி பழசாம், பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பதுதான் மிச்சமாம், இங்கே வந்தால் திரும்பிப் போகச் சார்ஜ் காணாதாம். இதை நீ எனக்கு எழுதவே இல்லை.

இன்று மூன்றாவது மணித்தியாலம் அவளுக்குக் கால் குரண்டு பிடித்தது. துடித்துப்போனாள். நான் எங்கேயோ பிடித்து அமத்துகிறேன், அவள் “அதில இல்ல, அதில இல்ல” என்று அழுகிறாள். பிறகு சொன்னாள், “அவருக்குத்தான் தெரியும்.”

பெற்றோல் கார் என்றால் ஷெட்டில் ஐந்து நிமிசம். மிச்ச நேரம் முழுக்க மனுசனுக்கு. உன் காருக்கு நாலு மணித்தியாலம் நீ காவல். உன் கரண்டும் எங்கேயோ நிலக்கரி எரித்துத்தான் வருகிறது, புகை நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதுக்கா அந்தக் காரை விற்றாய்?

இக்னேசியஸ்


திரியாய்
11.09.2025, வியாழன், காலை 10.05

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு கிழமை பதில் எழுதவில்லை. எழுதினால் கோபமாக வரும் என்று இருந்தேன்.

நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாய். உப்புவெளியில் ஒரு ஹோட்டல், அதன் குசினிக்குப் பின்பக்கம். அங்கே வேலை செய்கிற சனூஸா என்ற பிள்ளை இரக்கப்பட்டு ஒரு பிளக்கைப் பாவிக்க விட்டிருக்கிறாள். விருந்தாளிகள் வந்தால் நான் உடனே கழற்றி, காரை எடுத்து, அவர்கள் போகும்வரை வெளியில் நின்று, திரும்ப வந்து செருக வேண்டும். ஆகவே விட்டுவிட்டு வர ஏலாது. குசினிப் பக்கம் வெங்காயம் வதக்கிற மணத்தில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அவளுக்கு இரண்டாம் மணித்தியாலம், இப்போது மூன்றாம் மணித்தியாலம், இப்போதுதான் குரண்டு பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

வாங்கும்போது தூரத்துக்குக் கணக்குப் பார்த்தேன் மச்சான், நேரத்துக்குப் பார்க்கவில்லை. இதை வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நிலக்கரி எரிவது உண்மை. ஆனால் அந்தப் புகை மலரின் மூக்குக்குக் கிட்ட இல்லை. எனக்கு அது போதும். கதிரை வெறுமை என்றாய், அதுவும் உண்மை. 2022இல் கதிரை இருந்தது, கட்டிலில் அவள் இல்லை. இரண்டில் எது பெரிது என்று நீயே சொல்.

குரண்டு பிடித்தால் செய்ய வேண்டியது: கெண்டைக்கால் தசையை அமத்தாதே, அது இன்னும் இறுகும். குதிக்காலை இடது கையில் ஏந்து. வலது கையால் கால்விரல்களை முழங்கால் பக்கமாக மெதுவாக வளைத்துப் பிடி. முப்பது எண்ணும்வரை விடாதே. அவள் விடச் சொல்லி ஏசுவாள், விடாதே. ஏசி முடிய நின்றுவிடும். நேர்ஸ் மிஸ்மாரைக் கூப்பிடவும் மறக்காதே.

நான் வரும்வரை அந்தக் கதிரையில் நீ இரு.

பாக்கியரத்தினம்


உட்துறைமுக வீதி
21.10.2025, செவ்வாய்

பாக்கியம்,

வெள்ளிக்கிழமை நடந்ததற்குப் பிறகு ‘மச்சான்’ என்று எழுதவும் கை கூசுகிறது.

காலை ஐந்தேகாலுக்கு மலர் எனக்கு போன் எடுக்கிறாள். “அண்ணை, கார்ல சார்ஜ் மூண்டு கட்டம்தான் கிடக்கு. ராத்திரி கரண்ட் போட்டுதாம். இவர் போய்ச் சேரலாம் எண்டு வெளிக்கிட்டுட்டார். எனக்குப் பயமாக் கிடக்கு, நீங்கள் எதிர வாங்கோ.” நான் சேட்டைப் போட்டதும் தெரியாது, பொத்தான் பூட்டினதும் தெரியாது. என் காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். நிலாவெளி தாண்ட இருமத் தொடங்கியது. இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏற முதல் செத்துப்போனது. என்ன செய்தும் எழும்பவில்லை.

பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், பாலத்துக்கு மற்றப் பக்கத்தால் நீ வருகிறாய். ஏசி இல்லை, கண்ணாடி நாலும் இறக்கி, மாட்டுவண்டி வேகத்தில். பாலத்தைத் தாண்டி என் காருக்கு முன்னால் வந்து, மூக்கோடு மூக்கு, நீயும் நின்றுபோனாய். இரண்டு காரும் செத்து நிற்க நடுவில் என் தங்கச்சி. அவள் சிரிக்கத் தொடங்கினாள் பார், எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் புல்மோட்டை பஸ் வந்ததால் தப்பினோம். கொண்டக்டர் சஜீத் அவளைக் கைப்பிடித்து ஏற்றினான். முன்சீட்டில் இருந்த உம்மு குல்சும் என்கிற அம்மா உடனே எழும்பி, “இரிங்க மகள்” என்று இடம் கொடுத்தார். நானும் நீயும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சந்திவரை ஒரு சொல் கதைக்காமல் வந்தோம். இரண்டேகால் மணித்தியாலம் பிந்தி மெஷினில் போட்டார்கள். ஸுல்பிகா மிஸ் ஆட்களை முன்பின் மாற்றி இடம் எடுத்துத் தந்திராவிட்டால் அன்று அவளுக்குத் தவறியிருக்கும்.

கரண்ட் போனதாம்! கரண்ட் என்றால் போகும்தான். பெற்றோல் டாங்கிக்குள் இருந்தால் இருக்கும், யாரும் வந்து உறிஞ்சிக்கொண்டு போவதில்லை. இனியாவது யோசி.

என் காருக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதே.

இக்னேசியஸ்


திரியாய்
23.10.2025, வியாழன், காலை 6.40

அன்புள்ள மச்சான்,

கரண்ட் போகவில்லை.

மலருக்கும் உனக்கும் பஸ்ஸில் கேட்டவர்களுக்கும் கரண்ட் போனது என்றுதான் சொன்னேன். போகவில்லை. வியாழன் பின்னேரம் நாலே முக்காலுக்கு மேற்குப் பக்கம் இடி முழங்கியது. இடி கேட்டால் எங்கள் வீட்டில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், உங்கள் வீட்டிலும் அதுதானே. ஓடிப் போய் ரீவீ பிளக், பிரிட்ஜ் பிளக், போன் சார்ஜர், எல்லாம் கழற்றினேன். வெளியில் வந்து காரின் பிளக்கையும் கழற்றினேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. சின்ன வயதிலிருந்து இடிக்குப் பிளக் கழற்றின கை.

மழை விட்டது. பிரிட்ஜைச் செருகினேன், ரீவீயைச் செருகினேன். கொட்டிலுக்குள் நிற்கிற காரை மறந்துபோனேன். விடியப் பார்த்தால் மூன்று கட்டம். பிழை கரண்டில் இல்லை, காரிலும் இல்லை, என்னில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் அவளை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன், அது அடுத்த பிழை. ஐந்து மணிக்கே பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தால் நேரத்துக்குப் போயிருப்போம்.

நேற்று மலரிடம் சொன்னேன். அவள் தேத்தண்ணீரை ஆற்றியபடி, “எனக்கு அண்டைக்கே தெரியும். ராத்திரி முழுக்க ஃபான் ஓடினது தானே” என்றாள். ஒரு கிழமை தெரிந்துகொண்டும் பேசாமல் இருந்திருக்கிறாள்.

பெற்றோலுக்குப் பயந்து கரண்டிடம் போனவன் நான். அங்கே போயும் பயத்தைக் கூடவே கொண்டுபோயிருக்கிறேன்.

பஸ் குலுங்கும்போது இரண்டு தரம் என் தோளைப் பிடித்தாய். இரண்டாம் தரம் குலுங்கி நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை. நான் கவனித்தேன்.

இனி நீ சொல். உன் கார் ஏன் நின்றது? கேட்காதே என்றாய், கேட்கிறேன்.

பாக்கியரத்தினம்


உட்துறைமுக வீதி
28.10.2025, செவ்வாய்

அன்புள்ள மச்சான்,

வந்துவிட்டது பார், இரண்டு சொல்லும்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ சொன்னபடியால் நானும் சொல்கிறேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

2022இல் எனக்கு முன்னால் மூன்று வாகனம் நிற்கும்போது முடிந்தது என்று சொன்னது பொய். மூன்றாம் நாள் மத்தியானம், நல்ல வெயில், காருக்குள் இருந்தேன். இரண்டு நாள் கண் மூடவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்தது மட்டும்தான் தெரியும். முழித்துப் பார்க்கிறேன், வரிசை நகர்ந்து எனக்கு முன்னால் ஒரே வெளி. பின்னால் நின்றவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தனும் கண்ணாடியில் தட்டவில்லை. தட்டியிருப்பானா, அவனவனுக்கு அவனவன் வீடு. நான் ஓடிப் போய்ச் சேர, பெற்றோல் முடிந்து ஷெட்டில் கயிறு கட்டிவிட்டார்கள். நான் நித்திரை கொண்டபடியால்தான் மலர் சுவரில் சாய்ந்திருந்து மூச்சு எடுத்தாள். சாப்பாட்டில் நீ சொன்ன சொல்லுக்கு நான் அப்படிக் கத்தினது ஏன் என்று இப்போது விளங்குதா? நீ சொன்னது உண்மையடா. உனக்குத் தெரியாமலே உண்மையைச் சொல்லிப்போட்டாய்.

பிறகு பெற்றோல் வந்ததும் முதல் வேலையாக இரண்டு கான் நிரப்பி, கராஜில் பின்பக்க வாங்குக்குக் கீழே வைத்து, சாக்கால் மூடி, சோக்கால் ‘மலர்’ என்று எழுதி வைத்தேன். மூன்று வருசம். ஊரில் திரும்பத் தட்டுப்பாடு வந்தாலும், எவன் கேட்டாலும் தொட மாட்டேன் என்று வைத்தது. வெள்ளிக்கிழமை போன் வந்ததும் கை நேரே அந்தக் கானுக்குத்தான் போனது. டாங்கியில் பாதி இருந்தது மச்சான், டவுனுக்கும் திரியாய்க்கும் போய்வரக் காணும். ஆனால் இது அவளுக்கென்று வைத்தது, இன்றைக்குத்தான் அதன் நாள் என்று ஒரு கானை அப்படியே ஊற்றினேன். பிளாஸ்ரிக் கானில் மூன்று வருசம் கிடந்த பெற்றோல், அடியில் தண்ணீர். பழைய பெற்றோல் ஊற்றாதே என்று வருகிற போகிற ஆட்களுக்கு முப்பது வருசமாக ஏசுகிறவன் நான்! கராஜில் இப்போதும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, ஃபியூல் பம்ப் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மற்றக் கானை நேற்று ஒழித்துவிட்டேன். என் காருக்கு டாங்கி முழுக்கப் புதிதாக அடித்திருக்கிறேன். மாரி தொடங்கினால் கரண்ட் நாள்கணக்கில் நிற்கும், அந்த நாட்களில் அவளை ஏற்ற நான் வருகிறேன். மற்ற நாட்கள் உன் காரில் அவள் நித்திரை கொள்ளட்டும்.

வருகிற வெள்ளி உப்புவெளிக்குப் போகாதே. மலரை இறக்கிவிட்டுக் கராஜுக்கு வா. பின்பக்கத்தால் வா. ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

இக்னேசியஸ்


ஆஸ்பத்திரி, மலரின் கட்டிலடி
07.11.2025, வெள்ளி, காலை 11.35

அன்புள்ள மச்சான்,

போன வெள்ளி கராஜில் நான் ஒன்றும் கதைக்காமல் நின்றதற்கு மன்னி. செவ்வாயும் அப்படித்தான் போனது. அதனால் எழுதுகிறேன். எனக்கு இது பழகிவிட்டது.

பின்பக்கச் சுவரில் புது பிளக். அதற்குத் தனி வயர், தனி சுவிட்ச், மழை படாமல் மேலே தகரக் கூரை. எஞ்சின் ஒயில் டின்களையும் பழைய டயர்களையும் தள்ளி ஒரு கார் நிற்க இடம். பெற்றோல் மெக்கானிக்கின் கராஜில் இதைப் பார்த்துக் கலீலுர் றஹ்மான் சிரித்ததாக மலர் சொன்னாள். கானில் நீ எழுதியிருந்த பெயரை இப்போது பிளக்குக்கு மேலே சோக்கால் எழுதியிருக்கிறாய். நான் அதைப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை.

நீ கராஜில் வேலையோடு வேலையாக என் காருக்குக் காவல் இருக்கிறாய், நான் மூன்று மாசத்துக்குப் பிறகு என் கதிரையில் இருக்கிறேன். மரண அறிவித்தல்வரை வாசித்து முடித்தேன். பத்து மணிக்குக் குரண்டு பிடித்தது. முப்பது எண்ணினேன். ஏசினாள், விட்டது. அதற்குப் பிறகு சொன்னாள், “அண்ணையும் இப்ப வடிவாப் பிடிக்கிறார், ஆனா இருபதிலயே விட்டிடுவார்.” முப்பது மச்சான், கவனி.

சாப்பாட்டில் சொன்ன சொல்லை இப்போது திரும்ப எடுக்கிறேன். மூன்று நாள் வெயிலில் இருந்தவன் நித்திரையானதை நான் பிழை என்று எழுத மாட்டேன். அன்று நீ வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன். ஏசிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். நமக்கு மூன்று வருசம் மிஞ்சியிருக்கும்.

ஸுல்பிகா மிஸ் சாப்பிடப் போகிற வழியில் உன் கராஜ் இருக்கிறது, இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நம்பர் மறித்ததை எடுக்கச் சொல்லி மலர் கரைச்சல் தருகிறாள். எடுக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் கத்துவோம்.

யன்னலால் பார்க்கிறேன், கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. இடி முழங்கத் தொடங்கிவிட்டது. கிட்ட வந்தால் ஒன்றும் யோசிக்காதே, பிளக்கைக் கழற்றிவிடு. அவளை வீட்டுக்குக் கொண்டுபோக உன் கார் நிற்கிறதுதானே.

மலர் தலையைத் தூக்கி இதை வாசிக்கிறாள். இவ்வளவு நாளும் எல்லாவற்றையும் வாசித்தவள் என்று இப்போதுதான் ஒத்துக்கொள்கிறாள். உனக்கு எழுதச் சொல்கிறாள்: “கழட்டினா கழட்டட்டும். அண்ணையின்ர கார்ல போறதெண்டா ஷொப்பிங் பை ஒண்டு மறக்காமக் கொண்டு வரச் சொல்லுங்கோ.”

பாக்கியம்